தடைபட்ட பரிவர்த்தனை: பேரேட்டிலிருந்து தரவுத்தளம் வரை

வணிக மென்பொருளில் பரிவர்த்தனை என்பது, ஒன்று முழுமையாக நடந்து முடியவேண்டிய, இல்லையேல் அறவே நடக்காதிருக்கவேண்டிய செயல்களின் தொகுப்பு ஆகும். ஒருவர் கணக்கில் கழித்து இன்னொருவர் கணக்கில் கூட்டுவது, கிடங்கின் இருப்பைக் குறைத்து விற்பனைப் பட்டியல் போடுவது, இரயிலில் ஓர் இருக்கையை ஒதுக்கிக் கட்டணத்தை வரவு வைப்பது ஆகியவை வெளிப்பார்வைக்கு ஒவ்வொன்றும் ஒரே செயலாகத் தெரியும். தரவுத்தளத்துக்குள் அவை பல செயல்கள். அவற்றுள் சில நடந்து, சில நடவாமல் இடையில் நின்றுவிட்டால் அதுவே தடைபட்ட பரிவர்த்தனை. பேச்சுவழக்கில் 'டிரான்சாக்ஷன் ஃபெயில்' என்கிறோம். இத்தகைய பழுதைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை எவ்வாறு உருவாயிற்று, அதில் தமிழ்நாட்டில் பிறந்த ஓர் அறிவியலாளரின் பங்கு என்ன, அம்முறையை மதிக்காத இடத்தில் என்ன நேர்ந்தது என்பவற்றை இக்கட்டுரை கூறுகிறது.

நெய்க்காரப்பட்டியில் ஓர் எடுத்துக்காட்டு

திண்டுக்கல் மாவட்டம் பழனி வட்டத்திலுள்ள நெய்க்காரப்பட்டி, கரும்புக்கும் வெல்லத்துக்கும் பெயர்பெற்ற பேரூராட்சி. சுற்றுவட்டாரத்தில் கரும்பு பயிரிடும் விவசாயிகள் ஆலையாட்டிக் காய்ச்சிய வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் இங்கே விற்பனைக்கு வருகின்றன. விலை பேசி முடிந்து, வியாபாரி ஒருவர் விவசாயி ஒருவருக்கு 18,000 ரூபாயைக் கைப்பேசி வழியாக அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிறகு 'பரிவர்த்தனை நிறைவேறவில்லை' என்றோ 'நிலுவையில் உள்ளது' என்றோ செய்தி வருகிறது.

இதற்கு நான்கு பொருள் இருக்கலாம். வியாபாரியின் வங்கிக்குக் கோரிக்கை போய்ச் சேரவே இல்லை என்பது முதலாவது. அவர் கணக்கில் பணம் கழிக்கப்பட்டுவிட்டது, ஆனால் அந்தப் பதில் திரும்பி வரும் வழியில் தொலைந்துவிட்டது என்பது இரண்டாவது. பணம் கழிக்கப்பட்டது, விவசாயியின் வங்கியில் வரவு வைக்க முடியவில்லை என்பது மூன்றாவது. வரவும் வைக்கப்பட்டுவிட்டது, 'வந்து சேர்ந்தது' என்ற அறிவிப்பு மட்டும் தொலைந்தது என்பது நான்காவது.

திரையைப் பார்ப்பவருக்கு இந்த நான்கும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் செய்யவேண்டியது ஒவ்வொன்றிலும் வேறு. முதல் நிலையில் மீண்டும் அனுப்பலாம். நான்காம் நிலையில் மீண்டும் அனுப்பினால் 18,000 ரூபாய் இரண்டு முறை போய்விடும். மூன்றாம் நிலையில் பணம் இருவரிடமும் இல்லாமல் நடுவில் தொங்கும். ஆகவே இந்தத் துறையின் முதல் பாடம் இதுதான்: பரிவர்த்தனை தோற்பது பெரிய ஆபத்தன்று; தோற்றதா நடந்ததா என்று தெரியாமலே அடுத்த வேலையைச் செய்வதுதான் ஆபத்து. எங்கே நின்றது என்பதை ஆளின் நினைவு சொல்லாது. முன்கூட்டியே எழுதிவைத்த குறிப்பு மட்டுமே சொல்லும்.

ஏட்டுக் கணக்கின் விதிகள்

இந்தப் பாடம் கணினியோடு பிறந்ததன்று. கணக்கு எழுதும் மரபில் அது முன்பே இருந்தது. கடைக்கணக்கில் அன்றன்றைய கொடுக்கல் வாங்கல் முதலில் சிட்டையிலோ குறிப்பேட்டிலோ நடந்த வரிசைப்படி பதியப்படும். பிறகுதான் அது பேரேட்டில் அவரவர் பெயரில் ஏற்றப்படும். பேரேட்டில் ஐயம் வந்தால் குறிப்பேட்டைப் பார்ப்பார்கள். பேரேடு பாழானால் குறிப்பேட்டைக் கொண்டு அதை மீண்டும் எழுதிவிடலாம்.

இரண்டாவது விதி, அடித்தல் திருத்தல் கூடாது என்பது. தவறாகப் பற்று எழுதிவிட்டால் அதைச் சுரண்டி அழிப்பதில்லை. அது அப்படியே இருக்க, அதற்கு ஈடாக ஒரு வரவு எழுதிக் காரணத்தையும் குறிப்பார்கள். தவறும் தெரியும், திருத்தமும் தெரியும். மூன்றாவது, யார் கணக்கில் சேர்ப்பதென்று தெரியாத தொகையை அனாமத்துக் கணக்கில் வைப்பது. அது யாருடைய பணமும் அன்று என்பது அதன் பொருளன்று. உரியவர் யாரென்று இன்னும் தெளியவில்லை என்பதே பொருள். நான்காவது, குறித்த காலத்தில் இரு தரப்புக் கணக்கையும் ஒப்பிட்டுச் சரிகட்டுவது.

நாட்டுக்கோட்டை நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் பர்மா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளில் வட்டிக்கடைகளை நடத்தியபோது இந்த விதிகளுக்குக் கடல்கடந்த தேவை ஏற்பட்டது. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணையில் சென்ற முகவர் இரங்கூனில் கடை நடத்துவார். அங்கே கட்டிய பணத்துக்கு இங்கே உண்டியல் மாற்றப்படும். ஒரே கொடுக்கல் வாங்கல் இரண்டு ஊர்களில் இரண்டு ஏடுகளில் பதிவாகும். ஓர் ஏட்டில் ஏறி மற்றதில் ஏறாமல் போனால் அதைக் கண்டுபிடிக்கக் கடிதமும் ஊருக்கு வரும் கணக்கு நகலும்தான் வழி. இன்று இரண்டு வங்கிகளின் தரவுத்தளங்களுக்கு இடையே எழும் சிக்கலும் இதே வடிவம் கொண்டது. மாதங்களுக்குப் பதில் நொடிகள் என்பதே வேறுபாடு.

கணினிக்கு வந்த பரிவர்த்தனை

கணினியில் பெருமளவு பரிவர்த்தனைகளை உடனுக்குடன் கையாண்ட தொடக்ககால அமைப்புகளுள் ஒன்று, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்துக்காக ஐபிஎம் உருவாக்கிய 'சேபர்' விமான முன்பதிவு அமைப்பு. 1960களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கி 1964இல் அந்நிறுவனத்தின் முன்பதிவு முழுவதையும் ஏற்றது. ஒரே இருக்கையை இரு நகரங்களில் இரு முகவர்கள் ஒரே நேரத்தில் விற்றுவிடக்கூடாது என்பது அதன் அடிப்படைச் சிக்கல். நிலவுக்குச் சென்ற சாட்டர்ன் 5 ஏவூர்தியின் எண்ணற்ற உதிரிப் பாகங்களின் பட்டியலைப் பேணுவதற்காகத் தொடங்கிய ஐபிஎம்மின் 'ஐஎம்எஸ்' தரவுத்தளம் 1968இல் இயங்கத் தொடங்கியது. 1970இல் எட்கர் காட் தொடர்புசார் தரவுத்தளம் என்ற கருத்தை வெளியிட்டார். அதைச் செய்துபார்க்க ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் 'சிஸ்டம் ஆர்' என்ற திட்டம் தொடங்கப்பட்டது.

பரிவர்த்தனை என்ற கருத்துக்குத் தெளிவான இலக்கணம் அங்கேதான் அமைந்தது. 1976இல் கபாலி ஈஸ்வரன், ஜிம் கிரே, ரேமண்ட் லோரி, இர்விங் டிரெய்கர் ஆகிய நால்வர் எழுதிய கட்டுரை, பலர் ஒரே தரவை ஒரே நேரத்தில் மாற்றும்போது பூட்டு முறையால் முரண்பாட்டைத் தவிர்ப்பது எப்படி என்று விளக்கியது. ஒரு பரிவர்த்தனை தனக்குத் தேவையான பூட்டுகளை எல்லாம் போட்டு முடிக்கும்வரை எந்தப் பூட்டையும் திறக்கக்கூடாது என்பது அதன் முக்கிய விதி.

ஜிம் கிரே 1981இல் பரிவர்த்தனைக் கருத்தின் சிறப்பையும் எல்லையையும் பற்றி எழுதிய கட்டுரை கணினி மாணவர்கள் இன்றும் படிக்கும் ஒன்று. களிமண் பலகையிலும் தாளிலும் கணக்கு எழுதியவர்கள் எழுதியதை அழிக்காமல் ஈடுகட்டும் பதிவால் திருத்தினார்கள் என்பதை அதில் அவர் நினைவூட்டினார். பழைய மதிப்பின்மேலேயே புதிய மதிப்பை எழுதும் கணினிப் பழக்கம் அந்த நல்ல வழக்கத்தைக் கைவிட்டது என்பது அவர் கவலை. 1983இல் தியோ ஹெர்டர், ஆண்ட்ரியாஸ் ராய்ட்டர் என்னும் இரு ஜெர்மானிய அறிஞர்கள் பரிவர்த்தனையின் நான்கு பண்புகளுக்கு 'ஆசிட்' என்று பெயரிட்டனர். அவை: முழுதும் நடப்பது அல்லது நடவாதிருப்பது, விதிகளுக்கு முரணாகாமை, ஒன்றின் அரைகுறை நிலை மற்றொன்றுக்குத் தெரியாமை, முடிந்தது அழியாமை. கிரேவுக்கு 1998ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது. 2007 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தனியே பாய்மரப் படகில் கடலுக்குச் சென்றவர் திரும்பவில்லை.

மோகனும் ஏரீஸ் முறையும்

இலக்கணம் கிடைத்தபின்னும் ஒரு கேள்வி மீதமிருந்தது. மின்சாரம் போகிறது, இயந்திரம் நடுவழியில் நிற்கிறது. அந்நேரத்தில் நூற்றுக்கணக்கான பரிவர்த்தனைகள் வெவ்வேறு படிகளில் இருந்திருக்கும். சில முடிந்திருக்கும், ஆனால் அவற்றின் மாற்றம் வட்டில் ஏறியிருக்காது. சில முடிந்திருக்காது, ஆனால் அவற்றின் அரைகுறை மாற்றம் வட்டில் ஏறியிருக்கும். மீண்டும் இயங்கத் தொடங்கும்போது இவற்றைப் பிரித்தறிவது எப்படி?

இதற்கு மிகவும் பரவலாக ஏற்கப்பட்ட விடையைத் தந்தவர்களுள் முதன்மையானவர் சி. மோகன். 1955இல் தமிழ்நாட்டில் பிறந்த இவர், சென்னை ஐஐடியில் வேதிப்பொறியியல் பயின்று, 1977இல் அமெரிக்கா சென்றார். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1981இல் முனைவர் பட்டம் பெற்று ஐபிஎம் ஆய்வகத்தில் சேர்ந்தார். 1992இல் டான் ஹேடர்லே, புரூஸ் லிண்ட்சே, ஹமீத் பிரஹேஷ், பீட்டர் ஷ்வார்ஸ் ஆகியோருடன் இணைந்து அவர் வெளியிட்ட மீட்பு முறை 'ஏரீஸ்' என்று அழைக்கப்படுகிறது. ஐபிஎம்மின் டிபி2 உள்ளிட்ட பல தரவுத்தளங்களின் மீட்பு முறை இதன் அடிப்படையில் அமைந்தது. 1997இல் ஐபிஎம் நிறுவனத்தின் உயர்நிலை அறிவியலாளர் தகுதியான 'ஃபெலோ' அவருக்கு வழங்கப்பட்டது.

ஏரீஸ் முறையின் அடித்தளம் 'முதலில் குறிப்பு, பிறகு பேரேடு' என்பதே. தரவை வட்டில் மாற்றுமுன், செய்யப்போகும் மாற்றம் 'லாக்' என்னும் குறிப்பேட்டில் வரிசை எண்ணுடன் எழுதப்பட்டாகவேண்டும். தரவின் ஒவ்வொரு பக்கமும் கடைசியாகத் தன்னை மாற்றிய குறிப்பின் எண்ணைத் தாங்கியிருக்கும். நின்றுபோன இயந்திரம் எழுந்ததும் மூன்று கட்டங்களில் வேலை நடக்கும். முதலில் குறிப்பேட்டைப் படித்து, நின்ற நேரத்தில் எவை முடிந்திருந்தன, எவை முடியவில்லை என்று பட்டியலிடும். இரண்டாவதாக, முடிந்தவை முடியாதவை என்று பாராமல் குறிப்பிலுள்ள எல்லாவற்றையும் மீண்டும் செய்து, இயந்திரம் நின்ற கணத்தின் நிலையை அப்படியே கொண்டுவரும். மூன்றாவதாக, முடியாதவற்றை மட்டும் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்வாங்கும்.

பின்வாங்குவதற்கும் ஒரு குறிப்பு எழுதப்படும் என்பது இதில் கவனிக்கத்தக்கது. பழைய குறிப்பு அழிக்கப்படுவதில்லை; அதற்கு ஈடுகட்டும் புதிய குறிப்பு சேர்க்கப்படுகிறது. பின்வாங்கும்போது மறுபடியும் மின்சாரம் போனாலும், எதுவரை பின்வாங்கியாயிற்று என்று அந்த ஈட்டுக் குறிப்பு சொல்லிவிடும். அடித்தல் திருத்தல் கூடாது என்ற கணக்குப்பிள்ளையின் விதி இங்கே கணிதத் துல்லியத்துடன் திரும்பி வந்திருக்கிறது.

இரண்டு தரவுத்தளங்களுக்கு நடுவே

ஒரே இயந்திரத்துக்குள் இவ்வாறு சரிசெய்யலாம். இரண்டு ஊர்களில் இரண்டு தரவுத்தளங்கள் இருந்தால்? இதற்காக 1970களில் வகுக்கப்பட்டது இருகட்ட உறுதிமுறை. நடுவர் ஒருவர் இரு தரப்பையும் 'நீ ஆயத்தமா?' என்று கேட்பார். இருவரும் தத்தம் குறிப்பேட்டில் எழுதிவைத்து 'ஆம்' என்றால் மட்டுமே 'முடி' என்று ஆணையிடுவார். ஒருவர் மறுத்தாலும் இருவரும் பின்வாங்குவர். 'ஆம்' சொன்னபின் நடுவரே காணாமற்போனால், ஆயத்தமான தரப்பு முடிக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் பூட்டுடன் காத்திருக்கும். 1986இல் மோகன், லிண்ட்சே, ஓபர்மார்க் ஆகியோர் இம்முறையைச் செம்மைப்படுத்தி, நடுவரின் ஏட்டில் குறிப்பு இல்லையென்றால் அந்தப் பரிவர்த்தனை கைவிடப்பட்டதாகக் கொள்ளலாம் என்ற விதியை வகுத்தனர். எழுதப்படாதது நடக்கவில்லை என்பதே அதன் சாரம்.

ஆனால் நாட்டிலுள்ள வங்கிகள் எல்லாம் ஒன்றுக்கொன்று பூட்டுப்போட்டுக் காத்திருக்க முடியாது. ஆகவே பெரிய வலையமைப்புகளில் வேறு வழி கையாளப்படுகிறது. ஒவ்வொரு படியையும் தனித்தனியே முடித்துவிட்டு, பிற்படி தோற்றால் முற்படிக்கு ஈடான எதிர்ச்செயலைச் செய்வது அது. கழித்த பணத்தைத் திரும்பச் சேர்ப்பது அதற்கு எடுத்துக்காட்டு. 1987இல் ஹெக்டர் கார்சியா-மொலினாவும் கென்னத் சேலமும் இதற்கு 'சாகா' என்று பெயரிட்டனர்.

இந்தியாவில்

இந்திய வங்கிகளில் கணினியைப் புகுத்துவது குறித்துச் சி. ரங்கராஜன் தலைமையில் இந்திய ரிசர்வ் வங்கி அமைத்த குழுக்கள் 1984இலும் 1989இலும் அறிக்கை தந்தன. முதல் கட்டத்தில் கிளைகளுக்கு வந்த எந்திரங்களின் பெயரே 'மேம்பட்ட பேரேட்டுப் பதிவு எந்திரம்' என்பதாகும். அப்போது ஒரு கிளையின் கணக்கு அக்கிளையிலேயே இருந்தது. 2000க்குப் பின் மையப்படுத்திய வங்கி மென்பொருள் பரவியதும் எல்லாக் கிளைகளின் பேரேடும் ஒரே தரவுத்தளமாயிற்று.

இரயில்வேயில் 1985-86இல் தில்லியில் கணினி முன்பதிவு தொடங்கியது. பின்னர் சென்னை, மும்பை, கல்கத்தா, செகந்திராபாத் ஆகிய நகரங்களிலும் தனித்தனி அமைப்புகள் வந்தன. ஒரு நகரத்திலிருந்து மற்றொரு நகரத்தின் இருக்கையை ஒதுக்க, ஐந்து தரவுத்தளங்களும் ஒன்றோடொன்று பேசவேண்டியிருந்தது. அதற்காக 'கான்செர்ட்' என்ற மென்பொருளை இரயில்வே தகவல் அமைப்பு மையம் உருவாக்கியது. 1999இல் ஐந்தும் இணைக்கப்பட்டன. 2002இல் இணையவழிப் பயணச்சீட்டு வந்தபோது வங்கியும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியாகச் சேர்ந்தது. பணம் போய்விட்டது, சீட்டு வரவில்லை என்ற முறையீடு அதனோடு பிறந்தது.

பணம் வழங்கும் எந்திரங்களில் நோட்டு வராமல் கணக்கில் மட்டும் தொகை குறைந்த நிகழ்வுகளுக்கு ரிசர்வ் வங்கி 2009இல் கெடு விதித்தது. 12 வேலைநாட்களுக்குள் பணத்தைத் திருப்பாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்றது. 2011இல் அந்தக் கெடு 7 வேலைநாட்களாகக் குறைந்தது. 2016இல் யுபிஐ வந்தபின் சிக்கல் பன்மடங்கு பெருகியது. அனுப்புபவரின் செயலி, அவர் வங்கி, தேசியக் கொடுப்பனவுக் கழகம், பெறுபவரின் வங்கி என நான்கு தரப்புகள் ஒரே பணத்தைப் பற்றிப் பேசவேண்டும். பெறும் வங்கியின் பதில் குறித்த நேரத்தில் வராவிட்டால், வரவு வைக்கப்பட்டதாகவே கொண்டு தீர்வு நடக்கும். பிறகு அந்த வங்கி தன் ஏட்டைச் சரிபார்த்து, வரவு வைக்கவேண்டும் அல்லது திருப்பவேண்டும்.

2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி எல்லாக் கொடுப்பனவு முறைகளுக்கும் சீரான கெடுவை அறிவித்தது. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு யுபிஐ வழியாக அனுப்பிய பணம் வரவு ஆகாவிட்டால் அடுத்த நாளுக்குள் அது தானாகத் திரும்பவேண்டும். பண எந்திரத்தில் நேர்ந்தால் 5 நாட்கள். அதற்குமேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய். வாடிக்கையாளர் முறையிட்டால்தான் என்றில்லை. பழுதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு ஏடு யாரிடம் இருக்கிறதோ அவருடையது என்பதை இந்த விதி ஒப்புக்கொண்டது. நெய்க்காரப்பட்டி விவசாயி தன் 18,000 ரூபாயைத் தேடி வங்கி வாசலில் நிற்பது இந்த விதியின்படி அவருடைய கடமையன்று.

நிறுவன மென்பொருளில் பழுது தேடும் வரிசை

தொழிற்சாலை, மொத்த வணிகம், அரசுத் துறை ஆகியவற்றின் கொள்முதல், கிடங்கு, சம்பளம், கணக்கு எல்லாவற்றையும் ஒரே அமைப்பில் இணைப்பது நிறுவன வள மென்பொருள். 1972இல் ஐபிஎம்மிலிருந்து விலகிய ஐந்து பொறியாளர்கள் ஜெர்மனியில் தொடங்கிய சாப் நிறுவனம் இதில் முன்னோடி. அதன் 'ஆர்/3' மென்பொருள் 1992இல் வந்தது. அதில் ஒருவர் 'சேமி' பொத்தானை அழுத்தியதும் மாற்றங்கள் நேராகப் பேரேட்டுக்குப் போவதில்லை. ஒரு வரிசையில் நின்று, பின்னணியில் பதியப்படுகின்றன. அதனால் ஆவண எண் திரையில் தெரிந்தபின்னும் ஆவணம் பதியப்படாமல் போகக்கூடும். 'பதிவு தடைபட்டது' என்ற தகவல் தனியே வரும்.

இத்தகைய நேரத்தில் தேர்ந்த நிர்வாகிகள் பின்பற்றும் வரிசை, எந்த நிறுவனத்தின் மென்பொருளானாலும், பெரும்பாலும் ஒன்றே.

முதலாவது, நிறுத்துவது. முடிவு தெரியும்வரை மறுபடி அழுத்தக்கூடாது; பயனரிடமும் அதையே சொல்லவேண்டும்.

இரண்டாவது, பிழைச் செய்தியை முழுமையாக, நேரத்துடன் குறித்துக்கொள்வது. எந்தப் பயனர், எந்த ஆவணம், எந்த நொடி என்பவை இல்லாமல் குறிப்பேட்டில் தேட முடியாது.

மூன்றாவது, குறிப்பேட்டைப் படிப்பது. சாப் அமைப்பில் தடைபட்ட பதிவுகளை எஸ்எம்13, நிரல் முறிவுகளை எஸ்டி22, பூட்டுகளை எஸ்எம்12, அமைப்பின் பொதுக் குறிப்புகளை எஸ்எம்21 ஆகிய திரைகள் காட்டும். தரவுத்தளத்துக்கு அதற்குரிய எண்கள் உண்டு. இருவர் ஒருவர் பூட்டுக்காக மற்றவர் காத்து முட்டிநின்றால், மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர் ஒருவரைப் பலியாகத் தேர்ந்து 1205 எண் பிழையுடன் பின்வாங்கச் செய்யும். ஆரக்கிளில் அதே நிலைக்கு எண் 60. குறிப்பேட்டுக்கான இடமே நிரம்பிவிட்டால் எஸ்கியூஎல் சர்வரில் வருவது 9002.

நான்காவது, காரணத்தின் வகையைப் பிரிப்பது. முட்டிநின்றதும் இணைப்பு அறுந்ததும் தற்காலிகமானவை. பதிவாகவில்லை என்று உறுதியானபின் மறுமுறை முயலலாம். தவறான தரவு, விதிமீறல், நிரற்பிழை ஆகியவை நிலையானவை. எத்தனை முறை முயன்றாலும் அவை தோற்கும். இடமின்மை நிர்வாகப் பிழை. வட்டைச் சரிசெய்யாமல் பரிவர்த்தனையைக் குறைகூறிப் பயனில்லை.

ஐந்தாவது, மறுமுயற்சியைப் பாதுகாப்பாக்குவது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் தந்து, அதே எண் மறுபடி வந்தால் புதிதாகச் செய்யாமல் முதல் விடையையே திருப்பித் தரும்படி மென்பொருளை எழுதினால், பத்து முறை அழுத்தினாலும் ஒரு முறைதான் பணம் போகும்.

ஆறாவது, திருத்தவேண்டியிருந்தால் ஈடுகட்டும் பதிவால் திருத்துவது. அவசரத்தில் தரவுத்தளத்துக்குள் நேராக நுழைந்து எண்ணை மாற்றிவிடுவது எளிது. அன்றைய சிக்கல் தீரும். அதன்பின் எந்த ஏட்டையும் நம்பமுடியாது.

ஹொரைசன்: மீறப்பட்ட விதி

கடைசி விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டனின் அஞ்சல் துறை சான்று. 1999 முதல் அதன் கிளைகளில் ஃபுஜித்சு நிறுவனத்தின் 'ஹொரைசன்' கணக்கு மென்பொருள் நிறுவப்பட்டது. கிளைக் கணக்கில் பணம் குறைவதாக மென்பொருள் காட்டியபோது அஞ்சல் நிறுவனம் அதை நம்பியது. கிளையை நடத்தியவர்களை நம்பவில்லை. குறைந்த தொகையைக் கைப்பணத்திலிருந்து கட்டச் சொன்னது. திருட்டு, பொய்க்கணக்கு என்று வழக்குத் தொடுத்தது. 2015 வரையிலான காலத்தில் 900க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். வீட்டை இழந்தவர்களும் உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. தெற்காசிய வழியினர் பலர் அவர்களுள் இருந்தனர்.

2019 டிசம்பரில் இங்கிலாந்து உயர் நீதிமன்றம், பேட்ஸ் என்பவரும் பிறரும் தொடுத்த வழக்கில், ஹொரைசனில் கணக்கைப் பாதிக்கும் பிழைகள் இருந்தன என்று தீர்ப்பளித்தது. வழக்கில் ஆராயப்பட்டவற்றுள் ஒன்று ஸ்காட்லாந்தின் டல்மெல்லிங்டன் ஊரின் பெயரால் அறியப்படுகிறது. 2015இல் அங்கே 8,000 பவுண்டு பணத்தை வரவு வைக்க முயன்றபோது திரை உறைந்து நின்றது. மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்தியதால் நான்கு முறை வரவாகி, இல்லாத 24,000 பவுண்டு கணக்கில் ஏறியது. முடிவு தெரியாத பரிவர்த்தனையும் பாதுகாப்பற்ற மறுமுயற்சியும் சேர்ந்தால் விளைவது இதுவே. கிளையிலிருந்தவர்கள் அறியாமலே ஃபுஜித்சு ஊழியர்கள் தொலைவிலிருந்து கிளைக்கணக்கில் பதிவுகளைச் சேர்க்க முடியும் என்பதும் அவ்வழக்கில் நிறுவப்பட்டது. 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை ஒரே நாளில் நீக்கியது. 2024இல் நாடாளுமன்றமே சட்டம் இயற்றிப் பிற தண்டனைகளை நீக்கவேண்டியதாயிற்று.

மென்பொருளில் பிழை இருந்தது மட்டும் இங்கே குற்றமன்று. எல்லா மென்பொருளிலும் பிழை உண்டு. குறிப்பேட்டைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் காட்டாமல், பேரேட்டின் கடைசி எண்ணை மட்டுமே சாட்சியாக வைத்ததுதான் கொடுமை.

கூட்டுறவுச் சங்கங்களும் இன்றைய நிலையும்

இந்த வரலாறு இப்போது கிராமத்தின் மிகச் சிறிய கணக்கு அலுவலகத்துக்கும் வந்திருக்கிறது. 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தின்கீழ் இந்தியாவில் தொடக்கத்தில் பதிவான சங்கங்களுள் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூர் விவசாயக் கடன் சங்கமும் ஒன்று. இன்று தமிழ்நாட்டில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பயிர்க்கடன், நகைக்கடன், உரம் ஆகியவற்றை வழங்குகின்றன. 2022 ஜூனில் ஒன்றிய அரசு, நாடு முழுவதும் 63,000 சங்கங்களை ஒரே நிறுவன வள மென்பொருளில் இணைக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. பெரிய ஆலைகளுக்காகப் பிறந்த மென்பொருள் வகை, ஓரிரு பணியாளர்கள் மட்டுமே உள்ள சங்க அலுவலகத்தின் மேசைக்கு வருகிறது.

இதனால் நன்மை உண்டு. பேரேட்டைக் கரையான் அரிக்காது, தணிக்கை எளிதாகும். ஆனால் கட்டிய தவணை பதிவாகாமல் நின்றால், அன்று விவசாயி செயலாளரின் ஏட்டைப் புரட்டிக் காட்டச் சொல்லலாம். இன்று அவர் முன்னால் இருப்பது ஒரு திரை. ஆகவே கிராமத்து மென்பொருளுக்கு இரண்டு பண்புகள் கட்டாயம் தேவை. எங்கே நின்றது என்பதைத் தமிழில் தெளிவாகச் சொல்லும் செய்தி ஒன்று. உறுப்பினர் கேட்டால் தரக்கூடிய, அழிக்கமுடியாத குறிப்பேட்டு நகல் மற்றொன்று. பணம் கட்டியவர் கையில் பரிவர்த்தனை எண்ணுடன் ரசீது இருப்பதும், அது கிடைக்கும்வரை மறுபடி கட்டாதிருப்பதும் அவர் தரப்புப் பாதுகாப்பு.

சிட்டையிலிருந்து ஏரீஸ் வரை இந்தத் துறை கற்றது சில எளிய விதிகளே: செய்யுமுன் எழுது, எழுதியதை அழிக்காதே, ஈடுகட்டித் திருத்து, தெரியாததை அனாமத்தில் வை, இரு தரப்பு ஏட்டையும் ஒப்பிடு. இவற்றைக் கணினி மனிதனைவிட வேகமாகவும் சோர்வின்றியும் செய்யும். ஆனால் அந்தக் குறிப்பேட்டைப் பணத்துக்கு உரியவருக்குத் திறந்து காட்டுவதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது இன்றும் மனிதர்களே.